ஒரே ஷீட்டு முத்திருளன்

"என் ஷீட்டுல இடமில்லாத மனுஷன்னு ஒருத்தன் இந்த மதுரை ஜில்லாவுல இன்னும் பொறக்கலண்ணே" என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த கைபேசியை எடுத்துக் காதில் வைத்தார் முத்திருளன். மற்றவர்கள் 'அலோ' சொல்லும் இடத்தில் அவர் சொன்னது: "யாரு பேரு விட்டுப்போச்சு?"

பேசியவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர். வீடு பூட்டியிருக்கிறதே, எப்போது வரட்டும் என்று கேட்டார். பெயர் எதுவும் விட்டுப்போகவில்லை என்று உறுதியான பிறகுதான் முத்திருளனின் தோள்கள் காதுப் பக்கத்திலிருந்து கீழே இறங்கின. சிலிண்டர் விஷயத்துக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டார்.

பரவை காய்கறி மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது அவருடைய அறை. கீழே யூரியா வாசம், மேலே பிரிண்டர் மை வாசம். கல்யாணம், காதணி விழா, புதுமனை புகுவிழா என்று எது நடந்தாலும், உசிலம்பட்டி சாலைக்கும் திண்டுக்கல் சாலைக்கும் இடைப்பட்ட ஊர்களின் அழைப்பிதழ்கள் இந்த அறையில்தான் உருவம் பெறுகின்றன. கணினியில் கோத்து, ஒரு பிரதி எடுத்து, ஆட்சேபணை இல்லை என்று ஆனபின் அச்சகத்துக்குப் போகும். அந்த ஆட்சேபணை இல்லை என்பதற்கு அவர் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருக்கிறார். 'பெயர் எதுவும் விடுபடவில்லை. சரிபார்த்தேன்.' அதன் கீழ் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் விழாக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அழைப்பிதழ் படியிறங்கும். பத்து வருஷத்துக் கையெழுத்துகளைக் கட்டுக்கட்டாக அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

மேற்கு மதுரைப் பக்கத்தில் காதணி விழா அழைப்பிதழ் என்பது ஆளை அழைப்பதற்காக அச்சடிக்கப்படுவதன்று. அழைக்க வாட்ஸ்அப் இருக்கிறது, வாய் இருக்கிறது. இன்னார் இன்னாருக்கு இன்ன முறை என்று ஊரறியப் பதிவு செய்கிற ஆவணம் அது. கைக்கு வந்ததும் யாரும் தேதியைப் பார்ப்பதில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முதலில் தன் பெயரைத் தேடுவார்கள். அடுத்து, தனக்கு ஆகாதவன் பெயரை. இரண்டில் எது பெரிதாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியைக் கழற்றுவார்கள். இந்த இயல்பை நன்கு உணர்ந்த முத்திருளன், இடம் போதாதபோதெல்லாம் முதலில் கைவைப்பது தேதியில். ஒரு விழாவில் தேதியின் எழுத்தளவு ஐந்து பாயிண்டுக்கு இறங்கியதால், பாதி சனம் மறுநாள் வந்து பூட்டிய மண்டபத்தின் முன்னால் நின்றது. ஆனால் பெயர் ஒன்றுகூட விடுபடவில்லை. ஆகவே அந்த வேலையை அவர் தமது வெற்றிகளில் ஒன்றாகவே சொல்லிவருகிறார்.

"ஏ4-ங்கிறது இருநூத்திப் பத்து மில்லிக்கு இருநூத்தித் தொண்ணூத்தேழுண்ணே" என்பார். சொல்லும்போது கைகள் காற்றிலேயே அந்த அளவைக் காட்டும். நான் ஒருநாள் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. "மேல் பாதியில சாமி, பிள்ளைக, தாய்மாமன். கீழ்ப் பாதியில நாலு பத்தி. ஒன்பது பாயிண்டுல பத்திக்கு முப்பத்தேழு வரி. ஆக நூத்தி நாப்பத்தெட்டுக் குடும்பம். அதுக்கு மேலயும் சொந்தம் வச்சிருக்கிறவன் குடும்பஸ்தன் இல்ல, கட்சிக்காரன்."

ஒன்பது பாயிண்டு என்பது அவருடைய சட்டம். அதற்குக் கீழே இறங்கினால் எழுத்து தெரியும், உறவு தெரியாது. பெயர் நினைவுக்கு வராதவர்களுக்காக அடியில் 'மற்றும் உற்றார் உறவினர்கள், நண்பர்கள்' என்று ஒரு வரி போடும் வழக்கம் உண்டு. அதை அவர் 'பொது ஜாமீன்' என்பார். ஆனால் அந்த ஜாமீனில் வெளியே வர யாருக்கும் விருப்பமில்லை. "அதுக்குள்ள என்னையப் போடுறதுக்கு ஒரேடியா குழியில போட்ரு" என்று ஒரு பெரியவர் இந்த மாடிப் படியிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

என் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்து வாங்க நான் அங்கே போனபோது எத்தனை சொல் என்று கேட்டார். இரண்டாயிரம் என்றேன். "ஏ4-ல ஆறு பக்கம் இழுக்கும்" என்று உதட்டைப் பிதுக்கினார். "இம்புட்டு எடத்துல ஒரு ஊரையே உக்கார வச்சிருப்பேன். நீங்க என்னத்தண்ணே சொல்லப்போறீங்க?" அன்றிலிருந்து நான் சுருக்கமாக எழுத முயன்றுவருகிறேன்.

சட்டைப் பையில் பேனா குத்தும் இடத்தில் அவர் எஃகு ஸ்கேல் குத்தியிருப்பார். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தால் சாம்பார் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் காகிதம் என்ன அளவு என்று பார்ப்பார். "லீகல் சைஸை வெட்டியிருக்கான்." துட்டி வீட்டுக்குப் போனால் மாலையைப் போட்டதும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி முன்னால் நின்று, உதடு அசைய, பெயர்களை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வந்தால் இறந்தவருக்கு நல்ல சாவு.

காலியிடம் என்றாலே அவருக்கு ஆகாது. காகிதம் கொண்டுவந்து போடுகிற சேக் இஸ்மாயில் பாய், கீழவாசல் பக்கத்துக்காரர், தம் மகள் ஜஸீலாவின் நிக்காஹ் அழைப்பிதழை இவரிடம்தான் கொடுத்தார். இரு வீட்டு அத்தாக்கள் பெயர், மாப்பிள்ளை, பொண்ணு, பள்ளிவாசல், நேரம். அவ்வளவுதான். முக்கால் பக்கம் வெள்ளையாக இருந்தது. முத்திருளன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாக்கி இடத்துக்கு என்ன பாய் போடுறது?"

"ஒண்ணும் போடாத மாப்ள. காத்து வரட்டும்."

"இம்புட்டு எடத்தத் தொறந்து போட்டுட்டு எப்படி பாய் நிம்மதியா இருக்கீங்க? நாளைக்கு உங்க மச்சான் வந்து, இங்கதான் இடம் கெடந்துச்சே, என் பேரைப் போட்டா என்னன்னு கேட்டா?"

"எம் பேரு இல்லன்னு கோவிக்கிறவன் பிரியாணி திங்க வரமாட்டான். எனக்கு ரெண்டு கிலோ கறி மிச்சம்."

முத்திருளன் சிரிக்கவில்லை. அதற்குப் பின் இரண்டு நாள் அந்த வெள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். யாரோ கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன வீட்டின் முன்னால் நிற்கிறவர் மாதிரி இருந்தது முகம்.

அதே பாய்தான் ஒருநாள் ஒரு தாளை எடுத்து மடித்துக் காட்டினார். ஏ3-யை மடித்தால் ஏ4. ஏ4-ஐ மடித்தால் ஏ5. எத்தனை முறை மடித்தாலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள பொருத்தம் மாறுவதில்லை. "அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச மாதிரி மாப்ள. அளவு கொறையும், சாடை மாறாது" என்றார். கேட்டதும் முத்திருளன் எழுந்து ஜன்னல் பக்கம் போய், மார்க்கெட்டில் இறங்கும் முருங்கைக்காய்க் கட்டுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். விஷயம் பாய்க்குத் தெரியும். பரவை முழுக்கத் தெரியும்.

முத்திருளனுக்குத் தம்பி ஒருவர் உண்டு. பெயர் செல்வக்குமார். மேலூர்ப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் கல் பலகையின் தடிமன் பார்த்துத் தேறியது, தேறாதது என்று பிரிக்கிற வேலை. இவர்களுக்கு ஒரே தங்கை, செல்லக்கிளி. ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தத் தங்கையின் கல்யாண அழைப்பிதழை முத்திருளன்தான் கோத்தார். அண்ணன் தம்பி இருவர் பெயரும் மனைவிமார் பெயரோடு ஒரே வரியில் வரவேண்டியிருந்தது. 'முத்திருளன் – சுபலட்சுமி, செல்வக்குமார் – மீனா.' பதினான்கு பாயிண்டில் வரி ஓரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தது. இரண்டாவது ஜோடியைப் பதின்மூன்றரைக்கு இறக்கினார். வரி அடங்கியது. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார்.

கல்லின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளக்கிற மனிதரைத் தம்பியாகப் பெற்றவர் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

அரைப் பாயிண்டு என்பது மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கல்யாண மண்டபத்தில் செல்வக்குமார் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து, அழைப்பிதழில் வைத்து, பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். "எங்கண்ணனுக்கு நான் எம்புட்டுன்னு பாருங்க. அளந்து போட்டிருக்காரு." இலையில் கை வைக்காமல் மீனாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினவர், அதற்குப் பிறகு பரவைக்கு வரவில்லை. முத்திருளன் இரண்டு முறை மேலூர் பஸ் நிலையம் வரை போய்விட்டு, அங்கே விற்கிற கொய்யாப்பழத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இப்போது அவரிடமும் ஒரு வெர்னியர் இருக்கிறது.

இந்த ஆவணியில் செல்லக்கிளியின் பிள்ளைகள் இருவருக்கும் காது குத்து. மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு ஐந்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தவேண்டும் என்பது முறை. பிள்ளைகள் இரண்டு, மாமன்மார் இரண்டு. செல்லக்கிளி மேலூருக்கே போய்ச் சின்னண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். அங்கிருந்து நேராக இந்த மாடிக்கு ஏறி வந்தாள்.

"சின்னண்ணே வாரேன்னுருச்சு. ஆனா ஒண்ணு. பேரு தனி வரியில வரணுமாம். உன் பேரு என்ன அளவோ அதே அளவாம். ஒரு நூலு கொறைஞ்சாலும் வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொல்லுது."

"தனி வரியா?"

"தனி வரிதான். ஏண்ணே, ஊரு சனத்துக்கெல்லாம் எடம் குடுக்குறவன், நம்ம வீட்டு ஆளுக்குக் குடுக்க முடியாதா? நான் ஒண்ணு சொல்லிட்டேன். ரெண்டு மடி இல்லாட்டி காது குத்து இல்ல. மண்டபத்துக்கு ஆள விட்டு வேணாம்னு சொல்லிப்புடுவேன்."

சொன்னால் செய்கிறவள். அண்ணன்மார் இருவரிடமும் இல்லாத அந்தக் குணம் அவளிடம் மொத்தமாகச் சேர்ந்திருந்தது.

இதற்கிடையில் செல்லக்கிளியின் மாமனார் நல்லகாமன் தம் வகையறாவின் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். முத்திருளன் எண்ணினார். நூற்று நாற்பத்தெட்டு. முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நாலு பத்தியும் நிறைந்து, அடி ஓரத்தில் ஈ உட்கார இடமில்லாமல் அமைந்தது. மேல் பாதியில் குலதெய்வங்கள் மூன்று, பிள்ளைகள் பெயர், நல்லகாமனின் உடன்பிறந்தோருக்குத் தனியாக ஒரு வரி, தேதி எல்லாம் வைத்தபின் தாய்மாமன் கட்டத்துக்கு மீந்தது பதினான்கு பாயிண்டில் ஒரே ஒரு வரி.

அடுத்த மூன்று நாள் அந்த மனிதர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு வரியாக்க வேண்டுமானால் எழுத்தைப் பன்னிரண்டுக்கு இறக்கவேண்டும். பன்னிரண்டு என்பது நல்லகாமனின் உடன்பிறந்தோருக்கு ஒதுக்கிய அளவு. சீர் சுமந்து வருகிற தாய்மாமன் பங்காளியின் அளவில் நிற்பதாவது. நாலு பத்தியிலும் இரண்டு வரிசையை எடுத்தால் இடம் வரும், எட்டுப் பெயர் போகும். எட்டுப் பெயர் என்பது எட்டு வீட்டு வாசல். பெரிய தாளுக்குப் போகலாமே என்றேன்.

"ஏ3 போட்டா மடிக்கணும்ணே. மடிப்பு நட்ட நடுவுல விழும். நட்ட நடுவுல பிள்ளைக பேரு இருக்கு. காது குத்தப்போற பிள்ளை பேர மடிக்கலாமா?"

"பின்பக்கம்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது. "பின்னால பேரு போடுறதுன்னா, பின்னால போயி நில்லுன்னு சொல்றதுண்ணே. யார நிக்கச் சொல்றது?"

"சாமி பேரைக் கொஞ்சம் சின்னதாக்கினால்?"

"சாமிய நான் பொங்கல் வச்சு சமாதானம் பண்ணிருவேன். நல்லகாமன் மாமாவ என்ன வச்சு சமாதானம் பண்றது?"

தேதி ஏற்கெனவே ஆறு பாயிண்டில் கிடந்தது. அதற்குக் கீழே இறக்கினால் அது தேதியா தூசியா என்று ஐயம் வரும்.

நான்காம் நாள் பிற்பகல். நாலு மணிக்கு அச்சகத்து ஆள் வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை செல்லக்கிளி முதல் அழைப்பிதழைத் தாம்பாளத்தில் வைத்து மேலூருக்குக் கொண்டுபோகவேண்டும். முத்திருளன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை கீழே இறங்கிப் போய், எதற்கு இறங்கினோம் என்று தெரியாமல் மேலே வந்தார். இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டுப் பார்த்தார். வரி ஓரத்தைத் தாண்டியது, ஒன்பது வருஷத்துக்கு முன் தாண்டிய அதே இரண்டு எழுத்து. எழுத்தளவு காட்டும் கட்டத்தில் பதின்மூன்றரை என்று அடித்தார். வரி அடங்கியது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார், சுட்டது போல. பழையபடி பதினான்குக்கு ஏற்றினார்.

கைபேசி அடித்தது. "யாரு பேரு விட்டுப்போச்சு?"

செல்லக்கிளிதான். அவள் சத்தம் எனக்கே கேட்டது. "யாரு பேரும் விட்டுப்போகல. சின்னண்ணே சொன்னபடி போட்டியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"போட்டுக்கிட்டு இருக்கேன்த்தா."

"தனி வரி?"

"தனி வரிதான்."

"அதே அளவு?"

முத்திருளன் திரையைப் பார்த்தார். "ஒரு நூலு கொறையாது" என்றார்.

"வந்து பாத்துக் கையெழுத்துப் போட எனக்கு நேரமில்லண்ணே. வீட்டு வேலைதானே, நீயே போட்டுக்க."

வைத்துவிட்டாள். மணி மூன்றரை. கீழே உரக்கடையில் யாரோ மூட்டையைத் தரையில் போட்ட அதிர்வில் மேஜை மேலிருந்த தம்ளர் ஆடியது. முத்திருளன் மவுஸைப் பிடித்தார். தாய்மாமன் கட்டத்தில் 'முத்திருளன் – சுபலட்சுமி' என்ற எழுத்துகள் நீலமாக மாறின. கொஞ்ச நேரம் நீலமாகவே இருந்தன. பிறகு ஒரு விரலால், கொசுவைத் தொடுவது போல ஒரு பொத்தானைத் தொட்டார். அந்த இடம் வெள்ளையானது. 'செல்வக்குமார் – மீனா' தானாக நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தது. பதினான்கு பாயிண்டு, தனி வரி. இரண்டு பக்கமும் காற்று வந்தது.

"முத்திருளன், உங்க பேரு?" என்றேன்.

"நான் எப்படியும் முத ஆளா பந்தல்ல நிப்பேண்ணே. எனக்கெதுக்குப் பத்திரிக்க?"

"வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டார்களா?"

"சுபலட்சுமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றவர், "அவ பேசுவா, நான் கேட்டுக்கிறேன்" என்று திருத்திக்கொண்டார். பிறகு திரையைக் காட்டினார். "இப்ப அளந்து பாக்கட்டும். எதோட வச்சு அளப்பான்?"

பிரிண்டர் முனகி ஒரு தாளைத் தள்ளியது. இழுப்பறையைத் திறந்து வெர்னியரை எடுத்தார். தம்பியின் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அளந்தார். திருப்தியாக இருந்திருக்கவேண்டும், மறுபடி ஒருமுறை அளந்தார். படிக்கட்டில் அச்சகத்து ஆளின் செருப்புச் சத்தம் கேட்டது. முத்திருளன் ஸ்டாம்பை மையில் ஒற்றி, தாளின் அடியில் குத்தினார். 'பெயர் எதுவும் விடுபடவில்லை. சரிபார்த்தேன்.' அதன் கீழிருந்த கோட்டில் தம் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.